என் கணவரை அறிமுகப்படுத்திய பக்கம்

இணையப்பக்கம் செய்யக் கற்றுத்தரும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரே வாக்கியம்தான் வரும். இப்போது உங்கள் திரையில் படத்தில் உள்ளதுபோலத் தோன்றும் என்று. தோன்றாது. படத்தில் அழகான கோப்பிக்கடை ஒன்று இருக்கும், கறுப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்துகளோடு. என் திரை வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல் இருக்கும். எங்கே பிழை விட்டேன், பிழை விட்டால் என்ன செய்வது என்று நானூறு பக்கத்தில் ஒரு வரி கிடையாது. பிழை விடுகிறவர்கள் தன் புத்தகத்தை வாங்கமாட்டார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருக்கவேண்டும். நான்கு மாதம் அவரோடு மல்லுக்கட்டினேன். அவருக்கு அது தெரியாது என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

நெடுந்தீவில் எங்கள் வளவுக்குள் என் கணவர் இரண்டு அறைகள் கட்டினார். அவர் மேசன், ஆகவே கல்லிலிருந்து கூரைவரை தன் கையாலேயே செய்தார். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் தங்கட்டும் என்பது எண்ணம். அவர்கள் காலைப் படகில் வருகிறார்கள், காட்டுக் குதிரைகளையும் அடி பருத்த பழைய பெருக்கமரத்தையும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பின்னேரப் படகில் போய்விடுகிறார்கள். இங்கே தங்க இடம் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? இறங்குதுறையில் ஒரு பலகை வைத்துப் பார்த்தோம். இறங்குகிறவர்கள் பலகையை வாசிக்க முதல் திரும்பிப்போகும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுகிறார்கள்.

எட்டு மாதம் அறைகள் சும்மா கிடந்தன. கணவர் மறுபடி கட்டாருக்கு வேலைக்குப் போகும் கதையைத் தொடங்கினார். முன்பு ஒரு தடவை போய் நான்கு வருடம் இருந்தவர். போகும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்த அன்று அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமா எப்போது போவார் என்று என்னிடம் கேட்டாள். அது அவர் காதிலும் விழுந்தது. எனக்கு அது இன்னொரு தடவை வேண்டாம். ஆனால் அவருக்கு வயது நாற்பத்து மூன்று, இனிமேல் எடுக்கமாட்டார்கள் என்று யாழ்ப்பாணத்து ஏஜென்ட் கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஆடி முடியுமட்டும் பாப்பம்," என்றார் கணவர். "அதுக்குள்ளை ஒரு ஆளாவது வந்து தங்கினால் நிக்கிறன். இல்லாட்டில் போறன். பிறகு நீர் மறிக்கக்கூடாது."

"ஓம்," என்றேன். அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். பக்கம் செய்து தருகிறேன் என்று முன்பு சொன்ன ஒரு ஆள் இரண்டு மாதமாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. சொந்தமாகச் செய்வது அதைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தேன். புத்தகத்தின் அட்டையில் முப்பது நாள் என்று போட்டிருந்ததை நம்பிவிட்டேன்.

மடிக்கணினி மச்சாள் தந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் ஒரே அக்கா, முப்பது வருடமாகப் பாரிஸில் இருக்கிறார். போன தடவை வந்தபோது, வீட்டில் பாவித்து முடித்ததைக் கொண்டுவந்து தந்தார். நல்ல கணினிதான், ஆனால் விசைப்பலகை பிரெஞ்சுக்காரருக்குச் செய்தது. ஏ இருக்கவேண்டிய இடத்தில் கியூ இருக்கும். ஒரு எண் அடிக்கவேண்டுமென்றால் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். முற்றுப்புள்ளிக்கும் அதே பாடு. இணையப்பக்கத்துக்கு உயிரான நெளிந்த அடைப்புக்குறி நான்காம் எண்ணின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை வெளியே எடுக்கும் வழி கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் சென்றது. புத்தகமோ அடைப்புக்குறியை இடுக என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டது.

பிறகு தமிழ் எழுத்தின் கதை. கல்யாணத்துக்கு முன் ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை செய்தேன். அங்கே பழகிய பழைய எழுத்துருவில்தான் என் விரல்கள் ஓடும், கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பேன். அப்படி அடித்த முதல் பக்கம் என் திரையில் முத்து முத்தாக இருந்தது. கணவரின் கைப்பேசியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"இதென்ன பாஷை?" என்று கேட்டார்.

"தமிழ்."

"நானும் தமிழ்தான் படிச்சனான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும்தான் அது தமிழாம். வேறு எங்கே திறந்தாலும் குப்பை. இருபது வருடப் பழக்கத்தைக் கைகழுவிவிட்டு, புதிய முறையில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடிக்கப் பழகினேன். ஒரு பந்தி அடித்து முடிக்க ஒரு காலை போய்விடும். சோறு ஒரு பக்கம் அடிப்பிடிக்கும். வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும், இன்னும் முடியவில்லையா என்று கேட்பார்கள். அவர்களைக் கடித்துக் குதறவேண்டும்போல இருக்கும்.

இப்படியாக ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தேன். அது உரிமையாளரை அறிமுகப்படுத்தும் பக்கம். புத்தகத்தில் தாடி வைத்த ஒரு இளைஞன் கோப்பிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு, தான் ஒரு கோப்பிப் பைத்தியம் என்று எழுதியிருந்தான். என் கணவரைப் பற்றி அப்படி எழுதினால் நாங்கள் ஊரில் தலைகாட்ட முடியாது. மரியாதையான ஒரு பந்தி எழுதுக, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது வாசிப்பவருக்குத் தெரியட்டும் என்று படி சொன்னது.

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி யாரும் மரியாதையாக ஒரு பந்தி எழுதி நான் பார்த்ததில்லை. நான் இணையத்தில் ஒழுங்காக வாசிப்பது மரண அறிவித்தல் ஒன்றைத்தான். நான் மட்டுமா, தீவில் எல்லோரும் அப்படித்தான். காலையில் தேத்தண்ணீரோடு இருந்து, இன்றைக்குக் கனடாவில் யார், லண்டனில் யார் என்று பார்ப்போம். அந்த நடை எங்களுக்கு மனப்பாடம். ஆகவே என் கை தானாக எழுதியது. நெடுந்தீவு மேற்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவரும், காலஞ்சென்ற இன்னார் தம்பதியினரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், பாரிஸில் வசிக்கும் இன்னாரின் அன்புச் சகோதரருமாகிய என்று எழுதி, கீழே பெரிய எழுத்தில் அவர் பெயரைப் போட்டேன். அதற்கு அடுத்த வரியில், தமது இல்லத்தில் தங்கிச் செல்ல உங்களை அன்போடு அழைக்கிறார் என்று முடித்தேன்.

வாசித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

படம் வேண்டும். அவர் தனியாக நிற்கும் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. கட்டார் அலுவலுக்காக எடுத்த, வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிரிக்காமல் நேரே பார்க்கும் படம். அதைப் போட்டேன். படத்தை வட்டமாக்க ஒரு வரி சேர்க்கும்படி புத்தகம் சொன்னது. சேர்த்தேன், வட்டமாகியது. நான்கு மாதத்தில் சொன்னபடி முதல் முயற்சியிலேயே நடந்தது அது ஒன்றுதான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். பின்னணிக் கறுப்பையும் மாற்றவில்லை, மாற்றப்போய் வேறு எதையாவது உடைத்துவிடுவேன் என்ற பயம்.

ஆடி முடிய இரண்டு கிழமை இருந்தது. வருகிற புதன்கிழமை மெடிக்கலுக்கு வரச்சொல்லி ஏஜென்ட் அறிவித்தார். கணவர் என் முகத்தைப் பார்க்காமல் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தோய்த்துப் போட்டார். எனக்கு இருந்த பொறுமையெல்லாம் போய்விட்டது. மிச்ச அத்தியாயங்களைத் தாண்டி, பக்கத்தை இணையத்தில் ஏற்றும் அத்தியாயத்துக்குப் போனேன். ஒரு அத்தியாயத்தையும் தாண்டவேண்டாம் என்று முன்னுரையில் எழுதியிருந்தது. முன்னுரையை யார் வாசிக்கிறார்கள்? ஒரு நாள் முழுக்க அடிபட்டு, பின்னேரம் ஏற்றி முடித்தேன்.

என்னிடம் இருந்தது பொத்தான் தொலைபேசி. ஆகவே கணவரின் கைப்பேசியை வாங்கி, பக்கத்தின் முகவரியை மச்சாளுக்கு அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊராட்கள் எல்லோரும் சேர்ந்திருக்கும் குழுவில் இதைப் போடச் சொல்லியும் எழுதினேன். ஆடி, ஆவணியில் ஊருக்கு வருகிற சனம்தான் எங்களுக்கு முதலில் கிடைக்கக்கூடியது. கைப்பேசியில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க நானும் திறந்தேன். சிக்னல் இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போதும் என்று மூடிவிட்டேன்.

மறுநாள் கணவர் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசப் போனார். எட்டு மணிபோல என் தொலைபேசி அடித்தது. கனடாவில் இருக்கும் என் சித்தப்பா. தைப்பொங்கலுக்கு மட்டும் அழைப்பு எடுக்கிறவர்.

"பிள்ளை," என்றார். குரல் உடைந்திருந்தது. "என்ன நடந்தது? சுகமில்லாமல் கிடந்தவரே?"

"ஆர் சித்தப்பா?"

"அவர்தான் பிள்ளை. உன்ரை மனுசன்."

"அவர் இப்பதான் வேலைக்குப் போனவர்."

"அப்ப வேலையிலை வைச்சுத்தானே நடந்தது," என்றார், பெரிதாக அழுதார், அதோடு லைன் அறுந்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் தீவில் மேற்கில் நடப்பது கிழக்குக்குத் தெரிய முதல் கனடாவுக்குத் தெரிந்துவிடும். போன வருடம் எங்கள் பக்கத்து வளவில் ஒருவர் தவறியதைக்கூட லண்டனிலிருந்து எடுத்துத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். ஆகவே நான் நம்பினேன். உயரத்தில் நின்று பூசும்போது விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு எடுத்தேன். ஒரு தடவை அடித்து நின்றது, பிறகு எடுத்தபோதெல்லாம் வேறு யாரோ கதைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியது. அவருடைய தொலைபேசியில் யார் கதைப்பார்கள்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை. எதிரே வந்த ஒருவர் என்ன என்று கேட்கக் கேட்க மிதித்துக்கொண்டே போனேன். நான் மறித்தபடியால்தான் இது நடந்தது, போக விட்டிருந்தால் கட்டாரிலாவது உயிரோடு இருந்திருப்பார் என்ற ஒரே நினைப்புத்தான் வழி முழுக்க. அதை நான் இன்றுவரை அவருக்குச் சொன்னதில்லை.

அவர் பலகைமேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பைக்குள் கைப்பேசி சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன?" என்று கேட்டார்.

"இறங்குங்கோ."

"பூச்சுக் காயப்போகுது."

"இறங்குங்கோ எண்டு சொல்லுறன்."

இறங்கினார். நான் சீமெந்துப் பையின்மேல் இருந்து அழுதேன். அழுதுகொண்டே, போனை ஏன் எடுக்கவில்லை, எதற்காக அதை வைத்திருக்கிறீர்கள் என்று வாயில் வந்தபடி ஏசினேன். உயிரோடு இருக்கிற ஒரு மனிதனை அதற்காகவே அப்படி ஏசியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவர் ஒன்றும் விளங்காமல் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். நாற்பதுக்கு மேல் தவறிய அழைப்புகள். யாரோ அனுப்பிய படம் ஒன்றும் இருந்தது. கறுப்புப் பின்னணி, வட்டத்துக்குள் அவர் முகம், கீழே பிறப்பிடம், வதிவிடம், அன்பு மகன், அன்புக் கணவர், பிறகு அவர் பெயர். அதோடு படம் முடிந்தது. அடியில் வரிசையாகக் கும்பிட்ட கைகளும் ஆழ்ந்த அனுதாபங்களும்.

என் மடிக்கணினியில் எல்லாம் ஒரே திரையில் தெரிந்தது. கைப்பேசியின் சின்னத் திரையில் பெயரோடு இடம் முடிந்து, அன்போடு அழைக்கும் வரி கீழே போய்விட்டது. அதுவரைக்கும் இறக்கிப் பார்க்க யாருக்குப் பொறுமை? அப்படியே படம் பிடித்து மற்றக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். பக்கத்தைக் கைப்பேசிக்கு ஏற்றபடி அமைப்பதைத்தான் கடைசி அத்தியாயம் சொல்லித்தருகிறதாம். இதையல்லவா அந்த மனிதர் முதல் அத்தியாயத்தில் சொல்லியிருக்கவேண்டும்.

கணவர் அதை நெடுநேரம் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்," என்றார். "என்ன வருத்தத்திலை செத்தனான் எண்டுதான் போடேல்லை."

அதற்குப் பிறகு அழைப்புகளை எடுக்கத் தொடங்கினார். குரலை அடையாளம் தெரியாத ஒருவர், எப்போது பிரேதம் எடுக்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டார். "சாந்து குழைச்சு வைச்சிருக்கிறன் அண்ணை, அது முடியட்டும்," என்று இவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் லைனை வைத்துவிட்டது. நோர்வேயில் இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் எடுத்து அழுதார், பிறகு சிரித்தார், பிறகு தூஷணத்தில் ஏசினார். பதினைந்து வருடமாகக் கதைக்காதவராம். செத்த பிறகு கதைக்க வந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒன்பது மணிக்கு மச்சாள் எடுத்தார். பாரிஸில் வேலைக்குப் போக எழும்பியவர், வேறொரு குழுவில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அதை முதலில் ஊர்க் குழுவில் போட்டது தான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. வழக்கம்போலத் திறந்து பார்க்காமலே போட்டுவிட்டார். தம்பியின் குரலைக் கேட்ட பிறகும் அவருக்கு அழுகை நிற்கவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பிடியெல்லாம் எழுதிறதுக்கு முதல் ஆரையாவது கேக்கேலாதே உனக்கு?"

"நீங்களும் ஒருக்காத் திறந்து பாத்திட்டுப் போட்டிருக்கலாம் மச்சாள்."

எங்கள் சண்டையை நிறுத்துவதற்காகக் கணவர் இடையில் புகுந்தார். "அக்கா, அழாதையுங்கோ. நான் நல்லாத்தான் இருக்கிறன். புதன்கிழமை மெடிக்கல். சரிவந்தால் அடுத்த மாதம் கட்டாருக்குப் போறன்."

மச்சாளின் அழுகை நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

"அப்ப ஊரிலை ஒருத்தருமில்லை," என்றார்.

"இவையள் ரெண்டு பேரும் இருக்கினம்தானே."

"அம்மா அப்பா போன பிறகு, ஊருக்கு எடுக்கிறதெண்டால் நான் உன்ரை நம்பருக்குத்தான் தம்பி எடுக்கிறனான்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னை அவர் கணக்கில் எடுக்கவில்லை. வேறு நாளாயிருந்தால் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை, ஏனென்றால் அந்த அரை மணி நேரம் சைக்கிளில் எனக்கும் ஊரில் ஒருத்தருமில்லாமல்தான் இருந்தது.

"அப்ப விடியத் தொடங்கி நான் அழுதது பிழையில்லை," என்று சொல்லிவிட்டு மச்சாள் வைத்துவிட்டார்.

கணவர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பலகையில் ஏறி, காயத் தொடங்கியிருந்த இடத்துக்குத் தண்ணீர் தெளித்து, மிச்சச் சுவரையும் பூசி முடித்தார். நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தேன். ஏற்ற ஒரு நாள் சென்றது, எடுக்க ஒரு நிமிடம். புத்தகத்தை அலுமாரிக்கு மேலே எறிந்தேன். அவர் போகட்டும், நான் தோற்றுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது ஏஜென்ட் எடுத்தார். அவருக்கும் அந்தப் படம் போயிருந்தது.

"இல்லை அண்ணை, உயிரோடைதான் இருக்கிறன்," என்றார் கணவர். "ஓம். இல்லை, புதன்கிழமை வரேல்லை. அதுக்குப் பிறகும் வரேல்லை. வேறை ஏஜென்ட் ஒருத்தரும் இல்லை அண்ணை. நான் இஞ்சை நிக்கப்போறன்."

நான்கு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முதல் பயம்தான் வந்தது. ஒரு ஆளும் வந்து தங்கி அவர் நிற்கவில்லை. அறைகள் அப்படியே சும்மா கிடக்கின்றன, மகள் வளர்கிறாள், மேசன் வேலை மாதத்தில் பாதி நாள் இல்லை. இனி யார்மேலும் பழியைப் போட முடியாது. இத்தனை நாள் அவரை நிற்பாட்டுவதைப் பற்றியே யோசித்தேன், நின்றால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

"அந்தப் பக்கத்தை எடுத்திட்டீரே?" என்று கேட்டார்.

"எடுத்திட்டன்."

"திருப்பிப் போடும். என்னைப் பற்றி எழுதினதை மட்டும் மாத்தும்."

"மாத்தி என்னெண்டு எழுதிறது? எனக்கு வேறை மாதிரி எழுதத் தெரியாது," என்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவர் துவாயை எடுத்துக் காலைத் துடைத்தார்.

"ஆள் இஞ்சைதான் நிக்கிறார் எண்டு எழுதும்," என்றார்.